கொல்லையில் ஒரு சாய்ந்த கிணறு

எங்கள் மனையை விற்றவர் அதைச் சித்திரை மாதத்தில்தான் காட்டினார். அதில் ஒரு சூட்சுமம் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சித்திரையில் கரிசல் மண் கருங்கல் மாதிரி இருக்கும். என் கணவர் செருப்புக் காலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு, அஸ்திவாரத்துக்கு இதைவிடக் கெட்டியான மண் எங்கே கிடைக்கும் என்றார். விற்றவரும் தன் பங்குக்கு, பருத்தி போட்டால் அள்ளிக் கொடுக்கிற மண் என்று சொன்னார். நாங்கள் வீடு கட்டப் போகிறோமே தவிர பருத்தி போடப் போவதில்லை என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

இது ஐம்பத்தேழிலோ ஐம்பத்தெட்டிலோ நடந்தது. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற ரோட்டில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அந்த மனை இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பருத்திக்காடு. அதற்கும் பின்னால் வேலி போட்ட ஒரு பட்டாசுக் கம்பெனி. தள்ளித் தள்ளி நிற்கிற சின்னச் சின்ன அறைகளாக அது தெரியும். வேறு வீடு பக்கத்தில் கிடையாது.

என் கணவருக்கு ஊருக்குள் ஒரு அச்சகத்தில் வேலை. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சாகி வரும்போது நிறம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு நான்கும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் தாளை ஒதுக்கிவிடுவார். ஒதுக்கின தாள்கள் எங்கள் வீட்டுச் சுவருக்கு வரும். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் லட்சுமிக்கு உதடு ஓரிடத்திலும் உதட்டின் சிவப்பு கன்னத்திலுமாக இருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு நீர்வீழ்ச்சி. பாறை ஒரு பக்கம் நிற்க, தண்ணீர் பாறையை விட்டு ஒரு விரற்கடை தள்ளி அந்தரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும்.

முதல் ஐப்பசி மழைக்குக் கரிசல் தன் குணத்தைக் காட்டியது. கோடையில் வெடித்துக் கிடந்த மண் மழையைக் குடித்து உப்பியது. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவரில் ஒரு கோடு ஓடியது. வாசல் கதவு மூட வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டுச் செதுக்கி மூடினோம். தை மாதம் மண் காய்ந்ததும் அதே கதவில் கை நுழைகிற அளவு இடைவெளி விழுந்தது. என் கணவர், சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் பார்க்கிற தூக்குக்குண்டைக் கொண்டுவந்து சுவரில் பிடித்துப் பார்த்துவிட்டு, நூலைச் சுற்றிப் பரணில் போட்டார்.

தண்ணீர் எடுக்க நான் ஊருக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போக வேண்டும். போக அரை மைல், வர அரை மைல். காலையில் மூன்று நடை, சாயங்காலம் மூன்று நடை. மூத்தவள் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளை இடுப்பில் ஒரு பக்கமும் குடத்தை மறு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு வருவேன். ஒரு மழை நாளில் கால் மண்ணில் புதைந்தது. காலை உருவினால் செருப்பு வரவில்லை, செருப்பை உருவினால் நான் நிற்கவில்லை. விழுந்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கையில் காயம். பித்தளைக் குடம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. சாயங்காலம் வந்த என் கணவர் என் முழங்கையைப் பார்த்து, எண்ணெய் போட்டாயா என்று கேட்டார். பிறகு குடத்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நமக்கென்று ஒரு கிணறு வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார்.

தண்ணீர் பார்க்கிறவர் ஒருவர் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். கொல்லையில் தேங்காய் அசையவே இல்லை. வீட்டுக்குள் வரலாமா என்று கேட்டார். வந்தார். அடுப்படியில் என் அடுப்புக்கு முன்னால் போனதும் தேங்காய் எழுந்து நின்றது. நல்ல தண்ணீர் இங்கேதான், பத்துப் பதினைந்து அடியில் இருக்கிறது என்றார். அடுப்பில் அப்போது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் அவருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவிட்டு, தண்ணீர் பூமிக்குள் எங்கேயும்தான் இருக்கும், தேங்காய்க்கு என்ன தெரியும் என்று சொன்னார். கொல்லை வாசலிலிருந்து எட்டு அடி தள்ளி, வாளியோடு வருகிறவளுக்குத் தோதான இடத்தில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். ஆணி அடித்து, நூல் கட்டிப் போட்டது.

கிணறு வெட்ட வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்தார்கள். மேஸ்திரிக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அந்த அம்மாள் ஒல்லி, வேகமான ஆள். அவர் வெட்டுவார், இந்த அம்மாள் கூடையில் அள்ளிக் கொட்டுவார். பங்குனியில் தொடங்கினார்கள். ஆள் உயரத்துக்குப் போனதும் மேஸ்திரி, இந்த மண் நிற்காது, உறை இறக்கித்தான் வெட்ட வேண்டும் என்றார். என் கணவர், இவ்வளவு கெட்டியாக இருக்கிற மண் ஏன் நிற்காது என்று கேட்டார். மேஸ்திரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கினார். இரண்டு நாள் கழித்து ஒரு கோடைமழை பெய்தது. பத்தே நிமிஷ மழை. மழைக்கு ஒதுங்கி இருவரும் கொல்லைக் கதவோரம் நின்றிருந்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் ஒரு பக்கம் மெத்தென்று உள்ளே சரிந்தது. பிறகு மறுபக்கம். நூல் கட்டிப் போட்ட வட்டம் இருந்த இடத்தில் எருமை புரண்ட பள்ளம் மாதிரி ஒன்று கிடந்தது.

உறைகளை விருதுநகரிலிருந்து மாட்டு வண்டியில் வரவழைத்தோம். சிமெண்டு வளையங்கள். ஒரு வளையத்தைத் தரையில் வைத்து, அதற்குள் ஆள் இறங்கி அடியில் மண்ணைப் பறிக்கப் பறிக்க, வளையம் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அது தரை மட்டத்துக்கு வந்ததும் அதன்மேல் அடுத்தது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது உறையில் கரிசல் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அடியில் மண்ணே இல்லை, உறை அந்தரத்தில் நிற்கிறது. மேலே பாரம் வைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி.

பாரத்துக்கு என் கணவர் அச்சகத்திலிருந்து கல் கொண்டுவந்தார். முன்காலத்தில் படத்தைக் கல்லில் எழுதித்தான் அச்சடித்தார்கள். உலோக அச்சுத் தகடு வந்த பிறகு அந்தக் கனத்த பலகைக் கற்கள் அச்சகத்துப் பின்கட்டில் சும்மா கிடந்தன. முதலாளியிடம் கேட்டு ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்துவிட்டார். சில கற்களில் பழைய லேபிள் இன்னும் தெரிந்தது. ஒரு சோப்புக் கம்பெனியின் சிங்கம், வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதின எழுத்துகளோடு. கற்களை உறையின் விளிம்பில் அடுக்கும் வேலையை வேறு யாரிடமும் விடாமல் அவரே செய்தார். அடுக்கி முடித்ததும் உறை சட்டென்று ஒரு முழம் இறங்கியது. ஆனால் சிங்கம் இருந்த பக்கம் மட்டும் இறங்கியது.

அவர் ஓடிப்போய்த் தூக்குக்குண்டை எடுத்துவந்தார். நூல் உறையின் மேல் விளிம்பில் ஒட்டியும் கீழே நாலு விரல் விலகியும் நின்றது. இதைத் தூக்கி நிமிர்த்த முடியுமா என்று கேட்டார். மேஸ்திரி, உள்ளே போனதை இந்த மண் திருப்பித் தராது என்றார்.

"சாஞ்சா என்ன மொதலாளி, தண்ணி நேராத்தான் நிக்கும்" என்றார் அந்த அம்மாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்குவதுபோல உள்ளே போய்விட்டேன். அதற்குமேல் வந்த உறைகளெல்லாம் முதலில் சாய்ந்த உறையின் வழியிலேயே, ஒழுங்காக, ஒன்றுபோலச் சாய்ந்து இறங்கின. மயிரிழை பிசகின தாளை ஒதுக்குகிற மனிதருக்குக் கொல்லையில் இப்படி ஒன்று அமைந்தது.

இருபது அடியைக் கொஞ்சம் தாண்டியதும் கடப்பாரை டங்கென்றது. கீழே வெள்ளைப் பாறை. எவ்வளவு கனம் என்று தெரியாது. உறை அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. என் கணவர் ஒரே வார்த்தையில் முடிவு சொன்னார். வேட்டு வைத்து உடைக்க வேண்டும். மேஸ்திரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது ஆமா என்கிறதா இல்லை என்கிறதா என்று என் கணவர் விசாரிக்கவில்லை.

செய்தி எப்படிப் போனதோ, மறுநாளே பின்னால் இருந்த பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மிகவும் பணிவானவர். நான் கொடுத்த மோரை வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கெணறு வெட்டுங்க, கொளம் கூட வெட்டுங்க. வேட்டு வைக்கப் போறோம்னு மட்டும் சொல்லாதீக. எங்க கம்பெனிக்குள்ள செருப்புப் போட்டு நடக்கக்கூட விடமாட்டோம்."

என் கணவர், இந்த ஊரே வெடி செய்கிற ஊர், குழிக்குள் வைக்க ஒரே ஒரு வெடிக்கு வழியில்லையா என்று கேட்டார்.

"செய்யிறதுதான் அண்ணாச்சி இங்கன. வெடிக்கிறது எல்லாம் வெளியூர்லதான்" என்றார் மேனேஜர்.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன என்றார் இவர். ஞாயிறு வேலை இல்லாவிட்டாலும் சரக்கு இருக்குமே என்றார் அவர். தீபாவளிக்குப் பிறகு கம்பெனி காலியாக இருக்கும், அப்போது பார்க்கலாம் என்றார். தீபாவளிக்கு நாலு மாதம் இருந்தது. சீசன் ஆர்டர் குவிகிற நேரம். தீயை மூட்டிப் பாறையைச் சூடாக்கி உடைக்கலாமா என்று இவர் கேட்டதும் மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். என் கணவர் வரைபடம் ஒன்று தயார் செய்தார். அதில் எங்கள் கிணறு, பருத்திக்காடு, கம்பெனி அறைகள் எல்லாம் அளவோடு, மூன்று நிறத்தில் இருந்தன. வரைபடத்தில் கிணற்றை நேராகத்தான் போட்டிருந்தார். அச்சகம் விட்டால் மேனேஜரைப் பார்க்கப் போவதே அவர் வேலையாகிவிட்டது. இருவரும் நல்ல சிநேகிதர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

மேஸ்திரியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் அவர் நிறுத்தவில்லை. தினமும் உளியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கி, சாய்ந்த உறைக்குள் குந்தியபடி பாறையைக் கொத்திக்கொண்டிருந்தார். நாலாம் நாள் உளி நழுவிக் கால் பெருவிரலில் இறங்கிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். நிற்க முடியவில்லை. அந்த அம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தான் இறங்கப்போவதாகச் சொன்னார். பெண்பிள்ளை கிணற்றுக்குள் இறங்கி வெட்டுகிற வழக்கம் இல்லை என்று மேஸ்திரி முனகினார்.

"எறங்குனா கெணறு கோவிச்சுக்கிடுமா? அம்புட்டு மண்ணையும் இத்தன வருசமா சொமந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்.

இறங்கியாயிற்று. உடைந்த கல்லை மேலே யார் இழுப்பது? மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார். நான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து உருளையில் கயிற்றைப் பிடித்தேன்.

அன்றிலிருந்து என் கணவர் காலையில் சைக்கிளில் ஏறினதும் எங்கள் வேலை தொடங்கும். அவர் வருவதற்கு முன்னால் நான் கை கால் கழுவிச் சேலை மாற்றிவிடுவேன். அவரிடம் சொல்லக்கூடாது என்று யாரும் பேசிவைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதுகூட அவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் வரைபடத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால், கல்யாணமாகி வந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்தது கிடையாது. கீழே இருந்து அந்த அம்மாள் பேசிக்கொண்டே வெட்டுவார். தன் நாத்தனாரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உறைக்குள் சுழன்று, மேலே வரும்போது கோயிலில் மந்திரம் ஓதுவதுபோலக் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பேச்சு சட்டென்று நின்றது. நான் எட்டிப் பார்த்தேன்.

"என்னாச்சு?" என்றேன்.

"காலு குளுருது தாயி" என்றார் அந்த அம்மாள்.

பாறை அவ்வளவுதான். மொத்தமே இரண்டு சாண் கனம். அதற்குக் கீழே சரளை கலந்த கப்பி மண்ணும், அதிலிருந்து ஊறுகிற தண்ணீரும். மாலைக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. மூன்று பேரும் உறையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு சைக்கிள் மணி கேட்டது. என் கணவரும் மேனேஜரும். இருவர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய லோடு ஒன்று வெளியே போகிறது, கம்பெனி காலி, முதலாளியே சம்மதித்துவிட்டார், ஒரே ஒரு சின்ன வேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று என் கணவர் மூச்சு விடாமல் சொன்னார்.

மேஸ்திரி கட்டுப்போட்ட காலோடு நொண்டிப்போய் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். தொபுக்கென்று சத்தம் வந்தது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். மேனேஜரும் எட்டிப் பார்த்தார். என் கணவர், வேட்டு வைக்காமலேயே உடைக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"வேட்டு வச்சா உறை பூராவும் நொறுங்கிப் போகுமே மொதலாளி. நீங்க ரெண்டு பேரும் மும்முரமாப் பேசிக்கிட்டிருந்தீக. எடையில நா எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததால் என் கணவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. காலில் காயத்தோடு மேஸ்திரி இறங்கியிருக்க முடியாது, அப்படியானால் யார் வெட்டினது, யார் இழுத்தது என்ற கேள்வி அவருக்கு அப்புறம் சாப்பிடும்போதுதான் வந்தது. என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். குடத்தைப் பார்த்த மாதிரியே வெகுநேரம் பார்த்தார். தட்டை அன்றைக்கு அவரே கழுவி வைத்தார்.

கலங்கல் தெளிய மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் சூடம் கொளுத்தி, முதல் வாளியை அவரே இறைத்து, செம்பில் அள்ளி ஒரு மடக்குக் குடித்தார். விழுங்குவதா துப்புவதா என்று முகம் யோசித்தது. விழுங்கிவிட்டார். தாதுச்சத்து அதிகமாக இருக்கிறது என்றார். நான் வாங்கிக் குடித்தேன். உப்பு. கடல் தண்ணீர் மாதிரி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரில் போட்ட துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் அடுப்பில் கொதித்தும் பருப்பாகவே இருந்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும், நல்ல தண்ணீர் உங்கள் அடுப்புக்கு அடியில்தான் இருக்கிறதாமே என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு தடவை அடுப்படி வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். போய்விட்டார்.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க வீட்டிலேயே தண்ணீர் வந்துவிட்டது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு இரண்டு குடம் மட்டும் ஊருக்குள் போய் எடுத்து வந்தேன். இரண்டு குடத்துக்கு யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவும் இல்லாவிட்டால் அந்தப் பருத்திக்காட்டு ஓரத்தில் நான் யார் முகத்தில் விழித்திருப்பேன்? ஆனால் அவர் முன்னால் கொஞ்சம் வருத்தமாக இருந்துகொண்டேன்.

அடுத்த கோடையில் பட்டாசுக் கம்பெனியின் கிணறு வற்றிவிட்டது. சோதனை பார்க்க அதிகாரி வருகிறார் என்று மேனேஜர் மறுபடியும் சைக்கிளில் வந்தார். தீ அணைக்க வைத்திருக்கும் சிவப்பு வாளிகள் அத்தனையும் காய்ந்து கிடக்கின்றன, உங்கள் கிணற்றில் எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உப்புத் தண்ணீர் ஆயிற்றே என்றார் என் கணவர்.

"தீ என்ன ருசி பாத்தா அணையப் போகுது அண்ணாச்சி" என்றார் அவர்.

வாளிகள் வரிசையாக வந்து நிரம்பிப் போயின. அதிகாரி எண்ணிப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டாராம்.

வாளி தூக்கி வந்த பெண்கள் வழி கண்டுகொண்டார்கள். அதன் பிறகு வேலை விட்டதும் நாலைந்து பேர் பருத்திக்காட்டு வரப்பு வழியாக எங்கள் கொல்லைக்கு வந்து கை கால் கழுவ ஆரம்பித்தார்கள். முழங்கை வரைக்கும், பட்டாசு மருந்தில் கலக்கிற வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். சிலருக்குக் காது மடலிலும் புருவத்திலும்கூட இருக்கும். என் கணவருக்கு முதலில் பிடிக்கவில்லை. மேனேஜர் சிநேகிதர் என்பதால் வாயைத் திறக்கவில்லை. சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று நான் சொன்னேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தால் போகும், எங்களுக்கு இது போதும் என்றார்கள். ஒருத்தி இறைப்பாள், மற்றவர்கள் தேய்ப்பார்கள். மூத்தவளை ஒருத்தி மாற்றி ஒருத்தி தூக்கிக் கொஞ்சுவதில் அவள் கன்னத்திலும் பளபளப்பு ஏறிவிடும். இருட்டுவதற்குள் அவர்கள் ஊர் போய்ச் சேர வேண்டும். அதனால் பேச்சும் கழுவலும் எல்லாம் அவசரம் அவசரமாக நடக்கும். அவர்கள் போன பிறகு நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், கிணற்றடியில் தேங்கின தண்ணீரை, கொல்லையில் நட்டிருந்த வாழைக்கன்றுப் பக்கம் தள்ளிவிடுவேன்.